இங்கிலாந்துக் கிராமத்தில் வீடு எடுக்கப் போகிறீர்களா? சாவி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஷ்ராப்ஷயரில் லட்லோவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமம். நைட் டியூட்டி இல்லாத நாள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தால் பாய்லர் அணைந்து கிடக்கிறது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன், ஒரு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன். ஏழெட்டு முறை. வெளியே ஒரு டிகிரி.

கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டு அம்மாள். வயது 83. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தோட்டத்துச் செடிக்கு ஊன்றும் மூங்கில் குச்சி. நேராகப் பின்பக்கம் போய், பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைத் திறந்து குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். குச்சியின் நுனியில் இரண்டு விரல் அளவுகூட ஈரம் இல்லை. "உன் எண்ணெய் தீர்ந்துவிட்டது" என்றார். எண்ணெயா, எந்த எண்ணெய் என்று கேட்டேன். அந்த வீட்டுக்கு நான் குடிவந்து 3 வாரம் ஆகியிருந்தது.

நான் மதுரைக்காரி, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். டவுனில் வீடு கிடைக்காமல் 8 மைல் தள்ளி இந்தக் கிராமத்துக்கு வந்தேன். சுமார் 300 பேர், பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். கடை இல்லை, டீக்கடை பற்றிக் கேட்கவே வேண்டாம். இப்போது பிடித்துப்போய்விட்டது. ஆனால் முதல் குளிர்காலத்தில் பட்ட அவஸ்தையில் முக்கால்வாசி, யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் வந்திருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு இடத்தில் வேலை கிடைத்திருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இங்கே எதுவும் இன்று கேட்டு நாளை கிடைக்காது. முடிந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் குடிவந்துவிடுங்கள். என்னைப் போல் அக்டோபர் கடைசியில் வராதீர்கள்.

1. வீடு பார்க்கும்போது பின்பக்கம் போங்கள்

முன்பக்கம் எப்படியும் அழகாகத்தான் இருக்கும். ரோஜாக் கொடி, கல் சுவர், குட்டி ஜன்னல். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஏஜென்டிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஹீட்டிங் எதில் ஓடுகிறது? கிராமங்களில் பல இடங்களில் கேஸ் லைன் கிடையாது. எண்ணெய், எல்பிஜி, கரண்ட் ஹீட்டர், விறகு அடுப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். வீடு எவ்வளவு எரிபொருளை விழுங்கும் என்று தரம் போடும் ஈ.பி.சி சான்றிதழை அரசு இணையதளத்தில் முகவரி போட்டு நீங்களே பார்க்கலாம், காசு இல்லை. அதில் எரிபொருளும் தரமும் இருக்கும். வாடகைக்கு விடும் வீடு, விலக்கு ஏதும் இல்லாவிட்டால், குறைந்தபட்சம் 'ஈ' தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'ஈ' தரக் கல் வீட்டுக்கும் 'சி' தர வீட்டுக்கும் குளிர்காலச் செலவில் பெரிய வித்தியாசம் வரும். 50 பவுண்ட் வாடகை குறைவு என்று மயங்கிவிடாதீர்கள்.

கழிவு எங்கே போகிறது? பொதுச் சாக்கடையா, செப்டிக் டேங்கா? டேங்க் என்றால் அதைக் காலி செய்யும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

செல்போனைக் கையில் எடுத்து ஒவ்வொரு அறையிலும் நில்லுங்கள், முக்கியமாகச் சமையலறையில். இரண்டடிக் கல் சுவருக்குள் சிக்னல் செத்துவிடும். வைஃபை காலிங் இருந்தால் பேசிக்கொள்ளலாம். ஆனால் பேங்க் ஓ.டி.பி குறுஞ்செய்தி எல்லா நெட்வொர்க்கிலும் வைஃபை வழியாக வராது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஊருக்குப் பணம் அனுப்ப ஓ.டி.பி வேண்டி நான் சர்ச் மேட்டில் ஏறி நின்ற நாட்கள் உண்டு. பிராட்பேண்ட் வேகத்தை, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் தளத்தில் அந்த வீட்டு முகவரியையே போட்டுப் பாருங்கள். "நன்றாக வரும்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். இணைப்புக்கு ஆள் வரவே இரண்டு வாரம் ஆகலாம், சாவிக்கு முன்பே ஆர்டர் போடுங்கள்.

கடைசியாக, பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் போட்டோ எடுங்கள். எங்கள் ஊரில் முதல் பஸ் 7.40, என் டியூட்டி 7.30. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லை. டிக்கெட் என்னவோ மலிவுதான், 2025 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் இந்தத் திட்டத்தில் சேர்ந்த பஸ்களில் ஒரு வழிக்கு அதிகபட்சம் 3 பவுண்ட். ஆனால் பஸ் வந்தால்தானே.

2. வாடகைக் காகிதங்களும் முதல் மாதப் பணமும்

பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு (புதிதாக வந்தவர் என்றால் வேலை தருபவரின் கடிதம்), பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம் ரைட் டு ரென்ட் ஷேர் கோட், அதாவது வாடகைக்கு வீடு எடுக்க விசாவில் உரிமை உண்டு என்று காட்டும் குறியீடு. இந்தக் கோடில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஈ-விசா கணக்கில் (ஆன்லைன் விசாக் கணக்கு) வேலைக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். வாடகைக்கானது 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும், வேலைக்கானது 'டபிள்யூ'. 90 நாள் செல்லும். நான் 'டபிள்யூ' கோடை அனுப்பிவிட்டு இரண்டு நாள் பதிலுக்குக் காத்திருந்தேன். வீட்டில் தங்கப்போகும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு.

பணக் கணக்கு இப்படி. மாத வாடகை 850 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தால் பெருக்கி 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 196. வீட்டைப் பிடித்து வைக்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அட்வான்ஸ் (டெபாசிட்) ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது, அதாவது இங்கே சுமார் 980. சரிபார்ப்புக் கட்டணம், ஒப்பந்தக் கட்டணம் என்று யாராவது தனியாகக் கேட்டால் 2019-இல் வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தைச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு ஏஜென்ட் 'உள்ளே வரும் கட்டணம்' என்று 90 பவுண்ட் கேட்டார். சட்டத்தின் பெயரை மெயிலில் எழுதியதும் "தவறுதலாகச் சேர்ந்துவிட்டது" என்று பதில் வந்தது.

அட்வான்ஸ் கொடுத்த 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைப் போட்டு, உங்களுக்கு விவரம் தர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள்.

ஆண்டுச் சம்பளம் மாத வாடகையைப் போல் 30 மடங்கு இருக்கிறதா என்று பெரும்பாலான ஏஜென்ட்கள் பார்ப்பார்கள். 850-க்கு 25,500. இந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாத காரணத்தால் நான் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டினேன், ஊரிலிருந்த நகை பேங்குக்குப் போனது. இனி அந்தக் கொடுமை இல்லை. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டியே கேட்கவும் கூடாது, நீங்களாகக் கொடுத்தாலும் வாங்கவும் கூடாது. அதனால் உத்தரவாதம் தர ஆள் கேட்பது கூடலாம். வேலை தரும் இடத்தில் அப்படி ஏற்பாடு உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

சாவி வாங்கும் நாளில் மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர், எண்ணெய்த் தொட்டி அளவு மூன்றையும் தேதியுடன் போட்டோ எடுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

3. எண்ணெய்: கிராமத்துப் படிப்பின் முதல் பாடம்

ஹீட்டிங் ஆயில் என்று சொல்வது வேறொன்றுமில்லை, நம்ம ஊர் ரேஷன் கடை மண்ணெண்ணெய்தான். அதை லாரியில் கொண்டுவந்து, நீளமான குழாய் இழுத்து, பின்பக்கத் தொட்டியில் நிரப்புவார்கள். நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாதாந்திர பில் என்று எதுவும் வராது, தீர்ந்தால் யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள்.

பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். விலை தினமும் மாறும். நான் முதல் முறை வாங்கியபோது லிட்டர் 60 பென்ஸ், 500 லிட்டருக்கு 300 பவுண்ட், அதன் மேல் 5 சதவீத வாட், மொத்தம் 315. போனில் சொல்லும் விலையில் வாட் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கரண்டுக்கும் கேஸுக்கும் அவற்றைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பு வைத்திருக்கும் விலை உச்சவரம்பு எண்ணெய்க்குக் கிடையாது. முழுத் தொகையும் ஒரே தவணையில் போகும், சம்பள நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

சாதாரண டெலிவரிக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பனி விழுந்தால் இன்னும் கூடும். அவசரம் என்றால் தனிக் கட்டணம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு லாரி வந்தது ஆறாவது நாள். அதுவரை பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த ஒரு கரண்ட் ஹீட்டரை வைத்துக்கொண்டு ஒரே அறையில் சமைத்து, சாப்பிட்டு, தூங்கினேன். எண்ணெய் வந்ததும் பாய்லர் ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. தொட்டி காய்ந்துபோனால் குழாயில் காற்று புகுந்துவிடும், அடியில் கிடக்கும் கசடும் உள்ளே போகும். மெக்கானிக் வந்து காற்றை வெளியேற்ற 95 பவுண்ட். அந்தச் சிவப்புப் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கியதற்கு அவரிடம் தனியாகத் திட்டு. ஒன்றிரண்டு முறைக்கு மேல் அமுக்கவே கூடாதாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேலையாகக் குச்சியை விட்டுப் பாருங்கள். தொட்டி கால் பாகத்துக்கு வரும் முன்பே ஆர்டர். அனுபவத்தில் கோடைக்காலத்தில் விலை பெரும்பாலும் இறங்கியிருக்கும், ஜூலையில் நிரப்பிவைப்பது நல்லது.

இன்னொரு விஷயம், இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. பல கிராமங்களில் பத்திருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் போட்டு விலையைக் குறைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அதை நடத்துபவர் ஓய்வு பெற்ற ஒரு கணக்காசிரியர், கையால் எழுதிய நோட்டு வைத்திருக்கிறார். வில்லேஜ் ஹால் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் "எண்ணெய் யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். இங்கே பேச்சைத் தொடங்க வானிலைக்கு அடுத்தபடியாக இதைவிட நல்ல கேள்வி இல்லை.

எண்ணெய் பாய்லர் ஓடவும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் ஹீட்டிங்கும் போகும். அப்போது 105 என்ற எண்ணைக் கூப்பிட்டால் உங்கள் பகுதி மின் வலையமைப்பு நிறுவனத்துக்குப் போகும், இலவசம். நல்ல கம்பளி, டார்ச், பவர் பேங்க், ஃபிளாஸ்க் நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். விறகு அடுப்போ வீட்டுக்குள் எண்ணெய் பாய்லரோ உள்ள அறையில் கார்பன் மோனாக்சைட் அலாரம் வைக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. இல்லையென்றால் குடிவரும் முன்பே கேட்டு வாங்குங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

4. நம் சமையலும் அவர்கள் குழாயும்

செப்டிக் டேங்க் இருக்கும் வீட்டில் வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. எண்ணெயை ஆறவைத்து, பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பைக் கிடங்கில் கொடுத்துவிடலாம். ஈரத் துடைப்பான் காகிதம், 'ஃபிளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் போடாதீர்கள். பிளீச்சைக் குறையுங்கள், டேங்க்குக்குள் வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும். வீடு பொதுச் சாக்கடையில் சேரவில்லை என்றால் தண்ணீர் பில்லில் சாக்கடைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. என் முதல் பில்லில் அது இருந்தது, போன் செய்ததும் எடுத்துவிட்டார்கள்.

பழைய வீடுகளில் கூரை தாழ்வு. கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். முதல் வாரம் அப்படி அலறியபோது எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்துவிட்டார். அவருக்கு 76 வயது. ரசம்தான் என்று சொல்லி, ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பினேன். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். துணியை வீட்டுக்குள் காயவைத்தால் சுவரில் பூசணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கியது நான் செய்த உருப்படியான செலவுகளில் ஒன்று.

மளிகை: சூப்பர் மார்க்கெட் ஆன்லைன் டெலிவரி பெரும்பாலான கிராமங்களுக்கு வரும். கறிவேப்பிலை, இட்லி அரிசி, நல்லெண்ணெய்க்கு நான் மாதம் ஒரு முறை பர்மிங்காம் போகிறேன். அப்படியே டிவிடேல் பாலாஜி கோவிலையும் பார்த்துவிட்டு வருவேன். அதனால் பெரிய ஃபிரீசர் ஒன்று தேவை. கறிவேப்பிலையை உருவிக் கழுவி, நன்றாகக் காயவைத்து ஃபிரீசரில் போட்டால் இரண்டு மாதம் வரும்.

குப்பைத் தொட்டியின் நிறமும் நாளும் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் வேறு. கவுன்சில் தளத்தில் அஞ்சல் குறியீடு போட்டு நாட்காட்டியை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் முந்தைய இரவு தெருவைப் பாருங்கள். எல்லார் வீட்டு வாசலிலும் எந்த நிறம் நிற்கிறதோ அதுதான். வயதானவர்கள் இதில் தவறவே மாட்டார்கள்.

5. முகவரி மாற்றும் வாரம்

குடிவந்த முதல் வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

என் வீட்டுக்கு எண் இல்லை, பெயர்தான். கிராமங்களில் இது சகஜம். ராயல் மெயிலின் அஞ்சல் குறியீடு தேடும் பக்கத்தில் உங்கள் முகவரி எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே பேங்க், வேலையிடம், விசாக் கணக்கு எல்லாவற்றிலும் எழுதுங்கள். ஒரு இடத்தில் 'காட்டேஜ்' சேர்த்து இன்னொரு இடத்தில் விட்டால் சரிபார்ப்பில் தட்டும்.

ஈ-விசாக் கணக்கில் புது முகவரியை மாற்றுவது விசா நிபந்தனை சார்ந்த கடமை, மறந்துவிடாதீர்கள்.

உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸுக்கு நீங்களே பதிய வேண்டும். வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை 10 தவணை, கேட்டால் 12 ஆக்கித் தருவார்கள். வயது வந்தவர் ஒருவர் மட்டும் தங்கும் வீட்டுக்கு 25 சதவீதம் தள்ளுபடி. 'அரசு உதவி கூடாது' என்று விசாவில் இருப்பதால் பலர் இதைக் கேட்கப் பயப்படுகிறார்கள். இந்தத் தள்ளுபடி அந்த வகையில் சேராது, தாராளமாகக் கேளுங்கள். வருமானம் குறைவு என்று தரும் கவுன்சில் டாக்ஸ் குறைப்பு வேறு, அது அந்த வகையில் சேரும், அதைத் தொடாதீர்கள்.

அதே நாளில் வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேருங்கள். இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள், விசாவில் இருக்கும் நமக்கும் இங்கே ஓட்டு உண்டு. வாக்குச்சாவடியில் நம் பாஸ்போர்ட்டே அடையாளமாகச் செல்லும். பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பெண்ணுக்கும் நல்லது, அடுத்த வீடு எடுக்கும்போது உதவும்.

டிவி லைசென்ஸ் 2026 ஏப்ரலில் 180 பவுண்ட் ஆனது. டிவி பெட்டியே இல்லை என்று தப்பிக்க முடியாது. நேரலையாக எந்தச் சேனலை எதில் பார்த்தாலும் வேண்டும், மொபைலில் நம்ம ஊர்த் தமிழ்ச் சேனலை நேரலையில் பார்ப்பது உட்பட. ஒளிபரப்பு முடிந்த பிறகு பார்க்கும் படங்களுக்கு வேண்டாம், பிபிசி ஐபிளேயர் மட்டும் விதிவிலக்கு.

6. டாக்டர்

உடம்பு சரியில்லாதபோது போய்ப் பதியலாம் என்று இருக்காதீர்கள். ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸில் வேலை செய்யும் என்னிடமே ஒரு வரவேற்பாளர் கரண்ட் பில் கேட்டார், இல்லாவிட்டால் முடியாது என்றார். விதியைப் பணிவாகச் சொன்னதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து படிவம் கொடுத்தார். உங்கள் கிராமம் அவர்கள் எல்லைக்குள் வருகிறதா என்பதை மட்டும் முன்பே பாருங்கள்.

மருந்துக் கடை 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், சில கிராமத்துக் கிளினிக்குகளே மருந்தும் தரும். பதியும்போது கேளுங்கள். ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். மாதம் ஒன்றுக்கு மேல் வாங்குபவர்கள், மொத்தமாக முன்கூட்டியே கட்டும் முன்பணச் சான்றிதழ் எடுத்தால் மிச்சம். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999. ஒரே அஞ்சல் குறியீட்டில் அரை மைலுக்குச் சிதறிய வீடுகள் இருக்கும், ஆம்புலன்ஸ் திணறும். ஒரு இடத்தை மூன்றே சொல்லில் குறிக்கும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் சொற்களைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். ஊரின் பழைய சிவப்புப் போன் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள், பல ஊர்களில் அங்கே இதயத் துடிப்பு மீட்கும் கருவி இருக்கும்.

7. வண்டி

வண்டி இல்லாமல் இங்கே வாழ்வது கஷ்டம். இந்திய, இலங்கை லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். அந்த 12 மாதம் நீங்கள் இந்த நாட்டில் குடியேறிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, வண்டி வாங்கிய நாளிலிருந்து அல்ல. என்னோடு வேலை செய்யும் ஒரு கேரளத்துத் தம்பி இதைத் தெரியாமல் 14-ஆவது மாதம் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தெரிந்தது. நம் லைசென்ஸை மாற்றித் தர மாட்டார்கள், முழுப் பரீட்சையும் எழுத வேண்டும்.

செலவு: ஆன்லைனில் தற்காலிக லைசென்ஸ் 34 பவுண்ட், எழுத்துத் தேர்வு 23, வார நாளில் ஓட்டும் தேர்வு 62. தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வந்த முதல் மாதமே தற்காலிக லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். எழுத்துத் தேர்வுத் தேர்ச்சி 2 வருடம் செல்லும், அதனால் அதை முதலிலேயே எழுதிவிடலாம். நம் ஊரில் 10 வருடம் ஓட்டியவர்களும் நாலைந்து வகுப்பு எடுங்கள். தோள் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, அதிலேயே தோற்கடிப்பார்கள்.

கிராமச் சாலை ஒரு வண்டி அகலம்தான், இரண்டு பக்கமும் வேலி. எதிரே டிராக்டர் வந்தால் யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் பழகாமல் இந்த ஊருக்கு வராதீர்கள். வழி விட்டவருக்குக் கை தூக்கி நன்றி சொல்லாவிட்டால் அடுத்த நாள் ஊருக்கே தெரியும். குதிரைக்காரரைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல் 2 மீட்டர் தள்ளிப் போங்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தெருவிளக்கு இல்லை. நடந்து போனாலும் பளிச்சென்ற மேலாடையும் தலை விளக்கும் வேண்டும்.

8. அக்கம்பக்கம்

குடிவந்த இரண்டு நாளுக்குள் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் நீங்களே தட்டுங்கள். காலை 10-லிருந்து 12-க்குள். பெயர், எங்கே வேலை, நைட் டியூட்டி உண்டு, விடியற்காலை வண்டிச் சத்தம் கேட்கலாம் என்று சொன்னால் போதும். உள்ளே கூப்பிட்டால் பத்து நிமிடம். நான் மூன்று வாரம் தட்டாமல் இருந்தேன், அவர்கள் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருந்தார்கள். எண்ணெய் தீர்ந்ததால்தான் அறிமுகம்.

83 வயது அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. 'மேடம்' என்றேன், சிரித்தார். 'பாட்டி' என்பதை மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். "ஒரு நாள் வீட்டுக்கு வாயேன்" என்றால் அது அழைப்பு இல்லை, தேதியும் மணியும் சொன்னால்தான் அழைப்பு. மணி நாலு என்றால் நாலு. 3.50-க்குப் போனால் அவர் இன்னும் கோப்பை துடைத்துக்கொண்டிருப்பார்.

வில்லேஜ் ஹாலில் வாரமோ மாதமோ ஒரு முறை 'காபி மார்னிங்' நடக்கும், ஊரார் கூடிக் காபி குடித்துப் பேசும் காலை. சர்ச்சுக்குப் போகாதவர்களும் வருவார்கள். இரண்டு பவுண்ட் சில்லறை வைத்திருங்கள், குலுக்கல் சீட்டு வாங்கச் சொல்வார்கள். அறுவடை விருந்துக்கு நான் ரவா கேசரி செய்து கொண்டுபோனேன். முந்திரி இருக்கிறதா என்று முதல் கேள்வி. ஒருவருக்கு ஒவ்வாமை. அதிலிருந்து எதைக் கொண்டுபோனாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதி வைக்கிறேன். காரத்தையும் பாதியாக்கி, அதிலும் பாதியாக்குங்கள்.

சத்தம் பற்றி. இரவு தோட்டத்தில் நின்று ஊருக்கு வீடியோ காலில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். நாம் சாதாரணமாகப் பேசுவதே இங்கே சண்டை மாதிரிக் கேட்கிறது, என்னிடம் ஒருவர் மறுநாள் "எல்லாம் நலம்தானே?" என்று விசாரித்தார். தீபாவளி அன்று இரவு 1 மணி வரை வெடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குதிரையும் நாயும் உள்ள ஊர். ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சீட்டுப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குள் மத்தாப்போடு முடித்துக்கொண்டேன். ஆறு பேர் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் வாழ்த்து அட்டைகள் கதவு வழியாக விழத் தொடங்கும். 20 அட்டை கொண்ட ஒரு பெட்டி முன்கூட்டியே வாங்கிவையுங்கள், வந்த ஒவ்வொன்றுக்கும் பதில் போட வேண்டும். அப்புறம் ஒருவருக்கொருவர் சாவி கொடுத்துவைப்பது இங்கே சகஜம். என் சாவி அந்த அம்மாளிடம், அவருடையது என்னிடம். திரைச்சீலை ஒன்பது மணிக்கும் திறக்கவில்லை என்றால் போய்ப் பார்ப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு. ஒரு தடவை போனேன். காது இயந்திரத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், நான் உள்ளே நின்றதைப் பார்த்து அலறிவிட்டார்.

9. காலி செய்யும்போது

2026 மே 1-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி வாடகைதாரர் பொதுவாக 2 மாத முன்னறிவிப்பு தர வேண்டும், எழுத்தில். மீட்டர் போட்டோ, கவுன்சில் டாக்ஸ் முடிப்பு, தபாலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு, விசாக் கணக்கு, ஜிபி என்று ஐந்தாம் படியைத் தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான்.

எண்ணெய்க்கு வருகிறேன். பல ஒப்பந்தங்களில் "வந்தபோது இருந்த அளவே போகும்போதும் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். சென்ற வருடம் அதே தெருவில் கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறினேன். முதல் வீட்டுக்கு வந்த நாளில் தொட்டியில் பாதி இருந்ததாக ஏஜென்டின் பட்டியல் சொன்னது. மூன்று வாரத்தில் தீர்ந்த தொட்டி எப்படிப் பாதி இருந்திருக்கும்? என்னிடம் போட்டோ இல்லை. 500 லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டுத்தான் சாவி கொடுத்தேன். புது வீட்டில் முதல் நாள் பெட்டியை இறக்கும் முன் மூங்கில் குச்சியோடு பின்பக்கம் போய், ஈரம் பட்ட இடத்தை அளவு நாடாவோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, அன்றே ஏஜென்டுக்கு மெயில் போட்டேன். 41 சென்டிமீட்டர்.